ரெண்டு பேருக்கும் அண்ணன்

அய்யய்யோ, என்ன பாப்பா இது! வம்ச மரத்துல எம் பொண்ணையும் மாப்ளையையும் ஒரே கெளையில தொங்க விட்டுருக்க? அண்ணன் தங்கச்சி மாதிரில்ல இருக்கு! நிச்சயதார்த்தத்துக்கு வைக்கிற ஃப்ளெக்ஸும்மா. பாம்பூஃப்ளாட் ஜெட்டி வாசல்லயே கட்டப்போறோம். ஃபெர்ரிய விட்டு எறங்குற ஜனம் பூரா சிரிக்கும்.

என்னது... எங்க வீட்டுக்காரரு ஃபோன்ல சொன்னபடிதான் போட்டியா? அதானே பாத்தேன்! அந்த மனுசனுக்கு இந்தச் சம்பந்தமே புடிக்கல. 'வம்சத்தப் படமாப் போட்டுப் பாரு சந்திரமதி. முத்துவீரன் எனக்கு அண்ணன். அண்ணன் மவனுக்குப் போய்ப் பொண்ணக் குடுப்பாங்களா'ன்னு ஒரே புடி. படத்துல மொறை சரியா வரலன்னா தாம்பூலம் மாத்த மாட்டாராம். அங்க எம் பொண்ணு உதயா சோறு திங்காம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கெடக்கா. அண்ணன் மவன் விஜயனத் தவிர வேற யாரையும் கட்ட மாட்டாளாம். க்யா கரே, நான் என்ன செய்ய, சொல்லு!

கூடப்பொறந்த அண்ணனாவா? அரே, இல்லம்மா! சிலோன்லேர்ந்து ஒரே கப்பல்ல வந்த குடும்பங்க. கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துல பக்கத்துப் பக்கத்து வீடு. சின்னதுலேர்ந்து அண்ணே அண்ணேன்னு சுத்துனவரு இவரு. அங்க யாருக்கு யாரு ரத்தம்? கூப்புட்டதுதான் மொறை. நான் லாங் ஐலண்ட்லேர்ந்து வாக்கப்பட்டுப் போனேனா, ஒரு மூஞ்சியும் தெரியாது. அவரு அண்ணேன்னாரு, நானும் அண்ணேன்னுட்டேன்.

ஏன் சிரிக்கிற? என்ன காட்டுற அங்க... கோடு எங்கிட்டயும் வருதா? அவருக்கும் அண்ணன், எனக்கும் அண்ணன்னா... அப்ப நானும் எம் புருசனும்...? ச்சீ! அழி, அழி! மொதல்ல அத அழி!

இரு... ஏதோ ஒரு பக்கம்தான் வரணும்னா, எந்தப் பக்கம்? ஏ பாப்பா! உதயாவுக்குக் காது குத்துனது யாரு மடியில? முத்துவீரன் அண்ணன் மடியிலல்ல! எனக்குக் கூடப்பொறந்த ஆம்பள இல்ல, தாய்மாமனுக்கு எங்க போறதுன்னு நான் முழிச்சப்ப, இதே மனுசன்தான் அவரக் கூட்டியாந்து உக்கார வச்சாரு. மச்சானுக்குன்னு வேட்டியும் எடுத்துக் குடுத்தாரு! அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு. தாய்மாமன் மவன், மொறமாப்ள! கோட்ட எம் பக்கத்துலேர்ந்து இழு.

இரு, ஃபோன் போடுறேன், நீயும் கேளு... ஏங்க, அண்ணன் உங்க பக்கத்துலதான இருக்காரு? நம்ம புள்ளைக்குக் காது குத்துனது யாரு மடியிலன்னு சொல்லுங்க... ஆங்! அந்த வேட்டியும் ஞாபகம் வந்துருச்சா? அப்பன்னா வாய் நெறைய ஒருதரம் மச்சான்னு கூப்புடுங்க, நான் கேக்கணும்... உம், வெக்கப்படாமக் கூப்புடுங்க...

கேட்டியா பாப்பா? 'வாங்க மச்சான்'னுட்டாரு! சொன்ன கையோட 'கோவிச்சுக்காதீங்கண்ணே'ங்குறாரு பாரு! கெடக்கட்டும், போகப் போக வந்துரும். நீ பிரிண்ட் போடு.

ஏம்மா... எனக்கும் எம் புருசனுக்கும் நடுவுல இருந்த அந்தக் கோட்ட எடுத்துட்டல்ல? நல்லாப் பாரு.