இடுப்புக்கு நூற்றுக்கு நூறு

டென்னிஸ் பந்தை எப்படி அடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கே பாடம் நடத்தியவன் நான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மச்சானும் நம்பவில்லை. என் மனைவியின் அண்ணன், நாங்கள் ஆடும் கிளப்பின் செயலாளர். மழை பெய்கிறது என்று நான் சொன்னால், வெளியே கை நீட்டிப் பார்க்கிற ரகம் அவர்.

டென்னிஸ் கற்றுத்தரும் கம்ப்யூட்டரைக் கிளப்புக்குக் கொண்டுவந்ததே அவர்தான். கேமரா முன்னால் நின்று சர்வீஸ் போட்டால், மாதிரி ஆட்டக்காரரோடு ஒப்பிட்டு மார்க் போடும்; எங்கே தப்பு என்று வாய்விட்டுச் சொல்லும். அதற்கு முதலில் ஒரு மாதிரி வேண்டும். அன்று கோச் லீவு.

"சும்மா ஒரு ஆள் நின்னாப் போதும் மாப்ளே. கோச் வந்ததும் அழிச்சிட்டு அவரை எடுத்துக்கலாம்" என்றார் மச்சான். ரிட்டயரானவனுக்குச் சும்மா நிற்கக் கற்றுத்தர வேண்டுமா?

அன்று எனக்கு இடுப்புப் பிடிப்பு. இடது கையை இடுப்பில் ஊன்றி, ஒரு காலைக் கொக்கு மாதிரி தூக்கி, முக்கிக்கொண்டே அடித்தேன். பந்து வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மச்சானின் கண் கம்ப்யூட்டர் பட்டன்களில் இருந்தது, என் மேல் இல்லை. கம்ப்யூட்டர் பயபக்தியோடு எல்லாவற்றையும் பதிந்துகொண்டது. திரையில் முகம் தெரியாது, வெறும் குச்சி உருவம்தான்.

மறுநாள் மச்சானிடம், அழித்தாயிற்று, கம்பெனிக்காரர்கள் தங்கள் சாம்பியனையே ஏற்றியிருக்கிறார்கள் என்றேன். கோச் ஒருமுறை எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, "சார் கொசு அடிக்கிறார், தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லியிருந்தார். அதில் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. கம்ப்யூட்டரின் அபிப்பிராயத்தையும் கேட்டுவிடலாமே என்றுதான்.

கோச் நின்றார். நூற்றுக்கு ஆறு. காலைத் தூக்கவில்லை, கை இடுப்பில் இல்லை என்று குறை சொன்னது. தலை நரைக்கும்வரை ஆட்டம் சொல்லிக்கொடுத்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. மெஷின் பொய் சொல்லாது என்பது அவர் வேதவாக்கு. மாதக் கடைசியில் கோச்சுக்கு வேலை போயிற்று. வழியனுப்பப் பூங்கொத்து வாங்கியவன் நான்தான். நல்ல பூங்கொத்து.

அதற்கப்புறம் கிளப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாக்டர், வக்கீல், வக்கீலின் சம்சாரம், எல்லோரும் ஒற்றைக் காலில். முக்கல் சத்தம் தாங்காமல் மரத்துக் காக்கைகள் வேறு பேட்டைக்குக் குடிபோயின. ஒருவர் பந்தும் வலையைத் தாண்டவில்லை. ஒருவர் மார்க்கும் தொண்ணூறுக்குக் குறையவில்லை. பக்கத்துக் கிளப்போடு மோதிய மச்சான், ஒரு சர்வீஸ்கூட உருப்படியாக விழாமல், நிஜமாகவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

பாவமாக இருந்தது. அந்த மாதிரி ஆட்டக்காரர் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க விடுற ரீலுக்கு வேற ஆளைப் பாருங்க மாப்ளே" என்றார்.

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மாதிரிப் பதிவை ஓட்டிக் காட்டினேன். குச்சி உருவம் காலைத் தூக்கி, முக்கிக்கொண்டே அடித்தது. கடைசியில் மச்சானின் குரலே கேட்டது: "போதும் மாப்ளே, பந்து வீணாகுது."

நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அழிக்காமல் விட்டேன், அவ்வளவுதான். அது ஒரு குற்றமா?

மச்சான் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"குத்தம் நடந்திருக்கு மாப்ளே," என்றார். "இதை நம்பித்தான் அந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்."