நாலாவது குச்சி

நெல்மா: எதைக் காப்பாத்தப் படகேறி வந்திருக்காங்களோ, அதோட முட்டையையே குழம்பு வைக்கணுமாமா?

மனாசே: குழம்பில்ல, தேங்காப்பால்ல... மெதுவாப் பேசு தங்கச்சி, பறவைப் பாதுகாப்பு டைரக்டர் காதுல விழும்.

நெல்மா: விழட்டும். மணல்கோழி முட்டையைப் புதைக்கிற அந்த எரிமலைச் சுடுமணல்ல மூணு வருஷமா யாரும் கை வைக்கல. எழுபது மணல்கோழி வந்த இடத்துல இப்ப இருநூறு. எண்ணினவ நான். இன்னிக்கு ஒருத்தர் தோண்டினா, நாளைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கைத் தோண்ட வந்து நிக்கும்.

மனாசே: தலைநகர் ஹோனியாராவுல இருந்து வந்த விருந்தாளிக்கு இல்லேன்னு சொல்ல ஒரு ஊர்த் தலைவன் வாயால முடியாது.

நெல்மா: தோண்டக் கூடாதுன்னு தடை போட்டதும் அதே வாய்தானே அண்ணே?

மனாசே: அதான் நானே போய்த் தோண்டுறேன். தடை போட்டவனே எடுத்தா அது மீறல் இல்ல... தடை கொஞ்சம் மூச்சு விட்டுக்கிற மாதிரி.

நெல்மா: நல்லா விட்டுச்சு மூச்சு. எத்தனை?

மனாசே: எட்டுப் பேரு, எட்டு முட்டை.

நெல்மா: சரி... போங்க.

மனாசே: என்ன, சட்டுனு சரின்னுட்ட?

நெல்மா: முடிவு பண்ணிட்டீங்களே. ஓடைப் பக்கம் அடையாளத்துக்கு நான் நட்ட நாலாவது குச்சிகிட்ட தோண்டுங்க. அங்கதான் நிறைய இட்டிருக்கு.

மனாசே: நீயே இடம் காட்டுறியா! உடம்பு நல்லாத்தானே இருக்கு?

*

டைரக்டர்: ஆகா! கூண்டுக்கோழி முட்டையில வருமா இந்த ருசி? நாக்குல எரிமலைச் சூடு தெரியுது பாருங்க!

மனாசே: மிளகாய் கொஞ்சம் கூடிடுச்சு ஐயா.

டைரக்டர்: இல்ல இல்ல, எரிமலைதான். ஆறு நாட்டுல பறவை மாநாட்டுல பேசினவன் நான், எனக்குத் தெரியாதா? ஏம்மா நெல்மா, நீ சாப்பிடல?

நெல்மா: எனக்கு மரவள்ளி போதும் ஐயா.

டைரக்டர்: களத்துல வேலை செய்யறவங்களுக்கு ரசனை கம்மி. மனாசே, அடுத்த மாசம் நாப்பது பேரோட வர்றேன். ஆளுக்கு ரெண்டு!

மனாசே: அது நடக்காது ஐயா.

டைரக்டர்: ஏன்?

மனாசே: ஆறு நாடு பாத்தவரே இப்படிப் புகழ்ற முட்டையை இனிமே யாரு தொடலாம்? இதோ, ஊர் முன்னால சொல்றேன்: இன்னும் அஞ்சு வருஷம் தடை. கடைசியாச் சாப்பிட்டவர் டைரக்டர்னு பலகை வெச்சிடுவோம்.

டைரக்டர்: பலகையா... என் பேருலயா? எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.

*

நெல்மா: படகு மறைஞ்சிடுச்சு. அண்ணே... அந்த அஞ்சு வருஷம் நிஜந்தானே?

மனாசே: ஊரே கேட்டுச்சு. இனி நானே நினைச்சாலும் மாத்த முடியாது. அதுக்கு ஏன் திருட்டு முழி முழிக்கிற?

நெல்மா: உங்ககிட்ட ஒண்ணு... அங்க நீங்க எடுத்த முட்டை இருக்கே...

மனாசே: வாத்து முட்டை.

நெல்மா: தெரியுமா!

மனாசே: நம்ம கோழி தோள் வரைக்கும் கை போற ஆழத்துல இடும். நீ முன்கூட்டியே புதைச்ச இது முழங்கை போறதுக்குள்ள கிடைக்குது, நிறம் மாத்தப் பூசின தேயிலைச் சாயம் வேற விரல்ல ஒட்டுது. நாப்பது வருஷம் தோண்டின கைடீ இது.

நெல்மா: அப்ப இன்னும் ஆழமாத் தோண்டியிருக்கலாமே... ஏன் தோண்டல?

மனாசே: தோண்டவா போனேன்? என் பையிலயும் எட்டு வாத்து முட்டை இருந்துச்சு... மண்ணு பூசி எடுத்துட்டு வரலாம்னு போனேன், மண்ணு அள்ளினப்ப உன்னுது கையில தட்டுச்சு.