மூன்று பிடித் தவிடு

இந்த அவையின் தலைவர் ஜெயகுமார் அவர்களே, கோலா கெத்தில் வட்டாரத்துப் பெரியோர்களே, பெற்றுத் தாயான தாய்மார்களே, பெறாமலே தாயான தாய்மார்களே, வளர்ப்புப் பிள்ளைகளின் குடும்பங்களாக இங்கே கூடியிருக்கும் உறவுகளே! புக்கிட் செலம்பாவ் ஊரிலிருந்து வந்திருக்கும் காளிதாசனின் பணிவான வணக்கம்.

பயத்தோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஜித்ரா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், மாரியம்மன் சந்நிதியில், முறத்தில் கிடத்திய ஒரு பச்சைக் குழந்தையை எங்களிடம் கொடுத்தார்கள். பதிலுக்கு என் மனைவி இராசாத்தி மூன்று பிடித் தவிடு கொடுத்தாள். தவிடு கைமாறினால் பிள்ளையும் கைமாறியது என்பது நம்மவர் வழக்கம். அதோடு எல்லாம் முடிந்தது என்று நம்பினோமே, அதுதான் நாங்கள் செய்த தவறு! அம்மன் பார்த்தாள், அது போதும் என்றோம். சட்டப்படி பதியவில்லை. பிறப்புப் பத்திரத்தில் பெற்றவள் பெயர் அப்படியே நின்றது.

அந்தப் பத்திரத்தைச் சேலைகளுக்கு அடியில் ஒளித்தோம். விருந்து வீடுகளில் என் பாப்பம்மா அத்தை எல்லாப் பிள்ளைகளையும் சீண்டுவதுபோல எங்கள் மகளையும் சீண்டுவார். "ஷாமளா, ஒன்ன தவிட்டுக்குத்தான்லா வாங்குனாங்க!" பிள்ளையோடுதான் இந்தப் பக்கம் குடிவந்தோம், அத்தைக்கு உண்மை தெரியாது. ஊரே சிரிக்கும். இராசாத்தி மட்டும் சமையற்கட்டுக்குள் போய் நின்றுகொள்வாள்.

சிரிக்காதீர்கள் அண்ணே. நீங்களும் உங்கள் பேத்தியிடம் சொல்லியிருப்பீர்கள்.

இந்த ஆண்டு ஷாமளாவுக்குப் பன்னிரண்டு வயது. ஐ.சி. அடையாள அட்டை எடுக்க வேண்டும். அவளே போய்க் கைரேகை வைக்க வேண்டும், பத்திரத்தை அவளே பார்ப்பாள். இனி எங்கே ஒளிப்பேன்? எப்படி ஒளிப்பேன்? எத்தனை நாள் ஒளிப்பேன்?

நான்கு நாள்களுக்கு முன்பு பத்திரத்தை அவள் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தாள். "அப்ப, பாப்பம்மா பாட்டி சொன்னது நெசமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால், தாய்மார்களே, அந்த நொடியிலிருந்து அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை!

"மேடையில இதச் சொல்லட்டாம்மா?" என்றேன். "சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் எப்போதும் என் இடுப்பைப் பிடித்துக்கொள்பவள், இன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சொன்னால் போய்விடுவாளோ என்று பயந்து வாயை மூடினேன். மூடிய வாயாலேயே மகளை இழந்துவிடுவேனோ என்று இப்போது அஞ்சுகிறேன். இன்னும் ஒளிப்பவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பிள்ளையைப் பதியுங்கள்! பிஞ்சு வயதிலேயே சொல்லுங்கள்! பாசத்தைப் பயத்துக்குள் பூட்டாதீர்கள்! மூன்று வயதில் மடியில் வைத்துச் சொல்லியிருந்தால் அது அவளுக்குக் கதையாக இருந்திருக்கும்.

அதோ, கடைசி வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்துவிட்டாள். வாசலுக்கா போகிறாள்? மறிக்காதே தம்பி, வழி விடு.

என்னம்மா? கேட்கவில்லை. கொஞ்சம் அமைதியாக இருங்கள் ஐயா, பிள்ளை ஏதோ சொல்கிறாள்.

"மழ வருதுலா அப்பா. அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க, வாங்க போவோம்."

கேட்டீர்களா தலைவரே? நீங்களும் கேட்டீர்கள்தானே?

எழுதிக்கொண்டு வந்தது இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. மன்னியுங்கள், அதை மடித்து வைத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. என் மகள் கூப்பிடுகிறாள், போய் வருகிறேன். வணக்கம்.