காய்ச்சல் விட்ட நாள்

எனக்கு ஆட்டு வாடை ஆகாது, சிஸ்டர். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் சின்னராஜ் அண்ணன் ஆடுகளை எல்லாம் விற்றுவிட்டு, அவை அடைந்திருந்த மண்சுவர்க் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலும் ஃபேனும் போட்டு அறையாக்கியபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

அண்ணன் வாணியம்பாடியில் தோல் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் மலைக்கு வருவான். மற்ற நாட்களில் வீட்டில் கல்பனா அண்ணியும் அவள் குழந்தையும் நானும்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள். “அது நடக்கட்டும், உன்ன மறுபடி சேத்து வுடறேன்” என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

குழந்தை நடந்தது. அப்போது அண்ணி மறுபடியும் மாசமாக இருந்தாள். புளியங்காயைக் கடித்துக்கொண்டே, “இன்னும் ரெண்டு வருசம் பொறு பூஜா. நீ போய்ட்டா இதுங்க பீ மூத்தரத்த யாரு அள்றது, கலெக்டரம்மா?” என்று சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை. சிரிக்கும்போது வாயோரம் எச்சில் வழியும், அவ்வளவுதான்.

ஒரு காலையில் அந்த அறையில் அண்ணி படுக்கும் கட்டிலை நகர்த்திக் கூட்டும்போது சுவர் விரிசலில் அந்தப் பூச்சிகளைப் பார்த்தேன். ஆட்டுக் காதில் தொங்கும் உண்ணி மாதிரி இல்லை. அது பிடித்த இடத்தை விடாது. இது இருட்டில் வந்து, கொஞ்ச நேரம் குடித்துவிட்டு, விடிவதற்குள் சுவருக்குள் போய்விடும். பசியோடு இருந்தவை பழைய செருப்புத் தோல் போலச் சுருங்கித் தட்டையாகக் கிடந்தன. குடித்தது ஒன்று நாவல்பழம் போல உப்பி, காலை இழுத்து இழுத்து நகர்ந்தது. துடைப்பக்குச்சியால் அழுத்தினேன். கொழகொழவென்று கருப்பாக வந்தது. அது அண்ணியின் ரத்தம் என்று உறைத்ததும் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

அண்ணியின் இடுப்பிலும் தொடையிலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கடிப்பது அவளுக்குத் தெரியவில்லை. “கொசுடி” என்று சொறிந்து, நகத்தில் ஒட்டியதைப் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டாள். ஒரு சட்டி மண் குழைத்து நான் அந்த விரிசல்களை அடைத்திருக்கலாம். தொடவே குமட்டியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னறையில் படுத்தேன். ஆடுகள் போன பிறகு அந்தச் சுவர்ப் பூச்சிகளுக்குக் குடிக்க மிச்சம் அண்ணி ஒருத்திதான்.

பிறகு காய்ச்சல் வந்தது. சில நாள் உடம்பு தூக்கிப் போடும். பிறகு பாய் நனைய வியர்த்து இறங்கிவிடும். எழுந்து உட்கார்ந்து களி சாப்பிடுவாள். ஒரு வாரம் போனால் மறுபடி ஏறும். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். இந்த ரோட்டில் காய்ச்சல்காரரை ஜீப்பில் ஏற்ற மாட்டோம். காய்ச்சல் விட்டு, ஆள் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் புதூர்நாட்டில் உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவோம். அதனால் நீங்கள் எடுத்த ரத்தத்தில் ஒவ்வொரு முறையும் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது முறை அந்தப் புள்ளிகளைப் பார்த்து, அவள் எங்கே படுக்கிறாள் என்று விசாரித்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்துச் சொன்னீர்கள். “அந்த ரூம்ல படுக்க வுடாதம்மா. அடுத்த வாட்டி சூடு ஏறினதுமே கூட்டியா. கொதிக்கும்போதுதான் கிருமி ரத்தத்துல தெரியும். கண்டுபுடிச்சிட்டா மருந்துக்குக் கேக்கும். வயித்துல புள்ள இருக்குது, அதுக்கு ஆபத்து.”

எல்லாம் காதில் நன்றாக விழுந்தது. ஜீப்பில் அண்ணி என் தோளில் சாய்ந்துகொண்டு, “நர்ஸம்மா இன்னா சொன்னாங்க?” என்று கேட்டாள். அவள் வியர்வை என் ஜாக்கெட்டில் ஒட்டியது.

“காய்ச்சல் வுட்டதும் கூட்டியாரச் சொன்னாங்க” என்றேன்.

அடுத்த முறை காய்ச்சல் ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் இருந்தான். “இப்பவே ஜீப்புக்குச் சொல்றேன், இது சரியில்ல” என்று சட்டையை மாட்டினான். நான் வாசற்படியில் நின்று, சூட்டோடு அசைக்கக் கூடாது என்று சொன்னேன். அவன் நம்பாமல் என்னையே பார்த்தான். கட்டிலில் இருந்து அண்ணிதான் பேசினாள். “அவ படிச்சவ. அவ சொல்றத கேளுங்க.”

அண்ணன் சட்டையைக் கழற்றினான்.

அந்த முறை காய்ச்சல் விடவில்லை. முதலில் வயிற்றில் இருந்தது போனது. மறுநாள் அண்ணியும் போனாள். அவள் படுத்திருந்த பாயை நான்தான் எரித்தேன். தையலுக்குள் இருந்தவை சூட்டில் ஒவ்வொன்றாக வெடித்தன.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது, சிஸ்டர். ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்படியாவது சமாளித்துவிடலாம், இரண்டு என்றால் முடியாது. அண்ணி சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வயிற்றில் இருந்தது மட்டும் போனால் போதும் என்றுதான் இருந்தேன். அதற்கு மேல் போனது அந்தப் பூச்சிகள் செய்த வேலை.