ஷாமினியின் சத்துமாவு டின்

“அப்ப அந்தக் கடைக்காரன் முனுசாமி மட்டும் யோக்கியனா, தம்பி? சொல்லுங்க.”

தம்பியால் சொல்ல முடியாது. பிச்சைமுத்துவின் சவரக்கத்தி அவன் தொண்டைக்குழியின் மேல் இருந்தது. புக்கிட் ரம்பாய்த் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்து, தாமான் குடியிருப்புக்கு வந்து மூன்றே நாளான வசந்தன், முடிதிருத்தும் கடை என்று நம்பித்தான் உள்ளே வந்திருந்தான். நான்கு மாதமாக அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது.

வழக்கு இதுதான். பிச்சைமுத்துவின் மகள் ஷாமினி, பதினேழு வயது, மாநில நீச்சல் அணியில் இருப்பவள். லூபோக் சீனாப் பக்கம் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவரின் பேத்தி. குழாயடித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற குடும்பத்தில், தண்ணீருக்குள் முதலில் இறங்கியவள். தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச்சில், அவள் சிறுநீரில் தசை ஏற்றும் தடைமருந்து இருப்பதாகக் கடிதம் வந்தது. வரும் திங்கட்கிழமை கடைசி விசாரணை. தோற்றால் இரண்டு வருடம் எந்தப் போட்டியிலும் அவள் குளத்தில் இறங்கக் கூடாது.

பிச்சைமுத்து வலது கன்னத்தை முடிப்பதற்குள் சோதனை நடந்த கதையைச் சொல்லிவிட்டார். போட்டி முடிந்த கையோடு பிள்ளையை ஓர் அறைக்குள் கொண்டுபோனார்களாம். அதிகாரி அம்மாள் ஒருத்தி எதிரே நின்று கண்கொட்டாமல் பார்த்தாளாம். வெட்கத்தில் பிள்ளைக்கு வரவில்லை. மூன்று மணி நேரம், ஒன்பது போத்தல் தண்ணீர். வந்ததைச் சீசாவில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பினார்களாம்.

“எம்பொண்ணு மூத்திரம் ஏரோப்பிளேன் ஏறிருச்சு, தம்பி. நான் இன்னும் ஏறல லா.”

அங்கிருந்து குளத்தங்கரைப் பெற்றோர்களுக்குத் தாவினார். தோற்கும்வரை பிள்ளையைத் தட்டிக்கொடுத்தவர்கள், ஜெயித்த நாளிலிருந்து தோள்பட்டையை அளக்கத் தொடங்கினார்களாம். ஒரு சீமாட்டி அவர் மனைவி ராமாத்தாளிடமே வந்து, மகளுக்கும் அப்பாவே சவரம் செய்துவிடுகிறாரா என்று கேட்டாளாம். ராமாத்தாள் சும்மா விடவில்லை, உன் வீட்டுக்காரருக்குத்தான் மாதம் ரெண்டு தடவை மீசைக்கு மை பூசுகிறார் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். உண்மைதான். அந்த ஆள் இதே நாற்காலியில்தான் உட்காருவார்.

எல்லாவற்றுக்கும் மூலம் முனுசாமி. மலாக்கா டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கிறவன். ஷாமினி தினமும் குடிக்கும் சத்துமாவு அவன் கடையில் வாங்கியது. மாவில் கலப்படம் என்று பிச்சைமுத்து ஒரு புகார் மனு எழுதி வைத்திருந்தார். இதுவரை நாற்பத்து மூன்று கையெழுத்து; எல்லாம் கழுத்தில் துண்டும் முகத்தில் நுரையுமாக இருந்தவர்கள் போட்டது.

“முத விசாரணையிலயே ஷாமினி சொன்னா பாருங்க, அதிகாரிங்க ஆடிப்போயிட்டாங்க. அந்த டின்ன எங்கப்பா கையத் தவிர வேற கை தொட்டதில்லன்னா. நெசந்தான். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நாந்தான் கலக்குவேன். ராமாத்தாளக்கூட விடமாட்டேன்.”

கத்தியைத் துடைக்கத் திரும்பினார். தொண்டை விடுதலையான அந்த இடைவெளியில் வசந்தன் ஏதோ முனகினான்.

“என்ன கேட்டீங்க? டின்னுல வேற ஏதும் போட்டனான்னா? நான் என்னத்தப் போடப்போறேன்... போட்டிக்கு முந்தி டின்னு அடிக்கு வந்துருச்சு, தம்பி. கோலாலம்பூர்லருந்து சரக்கு வரல, அடுத்த வாரம் வாங்கன்னுட்டான் முனுசாமி. எங்க வீட்டுல அரிசியோ உப்போ, எதையும் வழிச்சுத் தொடைக்க விடமாட்டோம். ஒரு பிடி கெடக்கறப்பவே மேல கொட்டிரணும். எங்கம்மா வெச்ச பழக்கம். அப்பப் பார்த்து எந்தம்பி மவன் புவனேஷ் சிங்கப்பூருக்குக் கெளம்பினான். ஜிம்முக்குப் போற பய, கை ரெண்டும் தூணு மாதிரி. பாதி டின்னு மாவக் குடுத்துட்டுப் போனான். இதுவும் சத்துதான் பெரியப்பா, கொஞ்சம் சாமான் சேர்த்திருக்கேன்னான். அதே வெள்ள. அதே வெண்ணிலா வாசன. ஒரு பிடி கெடந்துச்சு... அதுமேல கொட்டினேன்.”

கத்தி அந்தரத்தில் நின்றது.

நாற்பத்து மூன்று பேரிடம் சொன்ன கதைதான். ஆனால் அவர்கள் எல்லோரும் பழகியவர்கள். ஆமாம் என்றார்கள், அநியாயம் என்றார்கள், கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்காததால் கதை இந்த இடத்துக்கு வந்ததே இல்லை. புவனேஷ் சொன்ன ‘சாமான்’ அவர் நினைவில் வேறு எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. அதை அங்கே போட்டு வைத்தவரும் அவர்தான்.

வசந்தன் எழுந்தான். இடது கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்து, துண்டை ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, பாதி முகத்தோடு வெயிலில் இறங்கி நடந்தான்.

“தம்பி, இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு.”

அவன் திரும்பவில்லை. காலியான நாற்காலியில் லாரி ஓட்டும் நாகமுத்து வந்து சாய்ந்து, முனுசாமிப் பயல் என்ன சொல்கிறான் அண்ணே என்று வழக்கம்போல் எடுத்துக்கொடுத்தான். பிச்சைமுத்துவுக்கு அது பாட்டுக்குச் சுருதி கூட்டுவது மாதிரி. முனுசாமியின் பாட்டனிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

இன்று பேசாமல் நுரை பூசினார். இரண்டு கன்னமும் தாடையும் மேலுதடும் வெளுக்கும்வரை பூசினார். பிறகு தூரிகையைக் கீழே வைத்தார்.

“அந்த டின்ன நாந்தான் கெடுத்தேன், நாகமுத்து. புள்ள வீட்டுலதான் இருக்கா. திங்கக்கெழமைக்கு முந்தி, மொதல்ல அவகிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்.”

வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும் என்பதால் நாகமுத்து கண்ணை மட்டும் உருட்டினான். பிச்சைமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.