நிறைகுடத்தின் முன் நின்ற பிறேசில் மேளம்

நடுநாயகமாய் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் சண்முகநாதன் அவர்களே! அவருக்கு இருபுறமும் நாற்காலி கிடைத்த பெரியோர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் அவர்களினும் பெரியோர்களே! பிறம்ரனிலும் மிசிசாகாவிலும் இரவு வேலை முடித்து, கண்ணில் தூக்கமும் கையில் பிள்ளையுமாய் வந்திருக்கும் தாய்மாரே! முன்வரிசையில் மேளங்களை மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசுவது ஒன்றும் விளங்காமலே சிரித்துக்கொண்டிருக்கும் பிறேசில் மேளக்குழுவினரே! உங்கள் அனைவருக்கும் பரிமளத்தின் பணிவான வணக்கம்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, நன்றாகப் பாருங்கள். போன தைப்பொங்கல் விழாவில் 'வடை ஆறுது' என்று சொல்லி என் பேச்சைப் பாதியில் நிறுத்தியவர் நீங்கள். வடை ஆறியது. என் மனம் இன்னும் ஆறவில்லை.

இன்று வடை இல்லை, வழக்குத்தான் இருக்கிறது. இந்த மேளக்குழு பழகி வந்த கடைமாடியை விற்றுவிட்டார்கள். பனி விழப்போகிறது. பழக இடம் இல்லையென்றால் குழு கலைந்துவிடும். நம் சங்க மண்டபமோ சனிக்கிழமை பின்னேரங்களில் பூட்டிக் கிடக்கிறது. அதை அவர்களுக்குத் திறந்துவிடுவதா, இல்லையா? கை உயர்த்திச் சொல்லத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அதற்கு முன் இரண்டு வார்த்தை பேசு என்று என்னை மேடையேற்றினார்கள். ஏற்றியவர்கள் இப்போது யோசிக்கிறார்கள். ஏற்றியது ஏற்றியதுதான்!

யார் இந்த மேளக்காரர்கள்? வித்துவான்களா? இல்லை. பாண் சுடும் போர்த்துக்கேயர், ஆஸ்பத்திரித் தாதி, பஸ் ஓட்டும் யமேக்காக்காரர். பிறேசில்காரர் என்று பார்த்தால் ஒரு பிடிதான். வாத்தியாரின் பெயர் நெல்சன். பெயரைக் கேட்டதும், நம்மவர் என்று நினைத்து, 'மன்னாரிலே எவடம் தம்பி?' என்று கேட்டுவிட்டேன். ரியோ என்றார். மன்னாருக்குக் கொஞ்சம் தள்ளித்தான். அவருடைய ஊரில் தவக்காலம் பிறக்குமுன் ஊரே தெருவில் இறங்கி, இறகு சூடி, மேளம் முழக்கி ஆடுமாம். அந்த மேளத்தைத்தான் இங்கே பார்லிமென்ற் வீதியில் அடிக்கிறார்கள்.

அதிலே பெரிய மேளம் யார் தோளில்? நம் அமிர்தநாதர் தோளில்! ஊரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்த நாட்டுக்குத் தனியே வந்து சேர்ந்தவர். மனைவியும் மக்களும் இன்னும் மன்னாரில். வேலை, அறை, போர்வை. விடிந்தால் மறுபடியும் வேலை. கோயிலில் அவர் வாய் திறந்து பாடிக் கேட்டவர் உண்டா? கடையில் விலை கேட்டுக் கண்டவர் உண்டா? எதற்கும் தலையாட்டல்தான். ஒருநாள் அந்தக் கடைமாடிக்குக் கீழே நின்று மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நெல்சன் இறங்கி வந்து, கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய், மேளத்தை மாட்டிவிட்டார். மனிதர் அடித்தார். அடித்து முடித்துப் பேசினார். இப்போது நிறுத்தத்தான் முடியவில்லை.

அந்த நேரம் நம் தலைவர் என்ன சொன்னார்? அவர் மறந்திருப்பார். எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. எங்கள் கட்டடத்து லோன்றியில், உடுப்புக் காயவைக்கும் மெசினில் கையூன்றிக்கொண்டு சொன்னார்: "அமிர்தநாதர் அண்ணை, உதென்ன கூத்து? இறகு குத்தின ஆக்களோட ரோட்டில ஆடித் திரிஞ்சா எங்கட மானம் என்னாகிறது?" நான் பக்கத்தில் நின்று உடுப்பு மடித்தேன். அந்தச் சொல்லையும் சேர்த்து மடித்து வைத்தேன். இன்று விரிக்கிறேன்!

இந்தக் கோடையில் நடந்த தெரு ஊர்வலத்துக்கு வருவோம். எம்.பி. ஒருவர் நடந்து வருகிறார் என்று கேள்விப்பட்டு, எங்கள் கட்டட வாசலில் மேசை போட்டு நிறைகுடம் வைத்தவர் யார்? தலைவர்! பித்தளைக் குடம், தேங்காய். மாவிலைக்கு எங்கே போவது? மேப்பிள் இலை. எங்கள் மேல்வீட்டுக் கிளடிஸ் கட்டிய மாலை, கிண்ணத்தில் சந்தனம், கரை வேட்டியில் தலைவர். எம்.பி. வந்தாரா? முதல் திருப்பத்திலேயே காரில் ஏறிப் போய்விட்டார். வந்தது யார்? விசில் வந்தது, இறகு வந்தது, விண்ணதிர மேளம் வந்தது!

பெரிய மேளம் நின்றால் குழு முழுவதும் நிற்கவேண்டும். அது பிறேசில் முறை. நிறைகுடம் கண்டால் மேளம் நிற்கவேண்டும், வாசலைப் பார்த்து முழங்கவேண்டும், வீட்டுக்காரர் மரியாதை செய்யும்வரை நகரக்கூடாது. அது நம் முறை. இரண்டு முறையும் ஒரே தோளில் தொங்கினால் என்ன நடக்கும்?

நின்றார் அமிர்தநாதர். நின்றது குழு. நின்றது ஊர்வலத்தில் பின்னால் வந்த தீயணைப்பு வண்டி. நெல்சன் விசிலை ஊதிப் பார்த்தார். அமிர்தநாதர் குடத்தைப் பார்த்துத் திரும்பினார். இது ஏதோ புதுப் பாடம் என்று மற்றவர்களும் திரும்பினார்கள்! பொலிஸ்காரர் ஓடி வந்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

"சேர், வீட்டுக்காரர் இன்னும் மரியாதை செய்யேல்லை" என்று தெரிந்த இங்கிலீசில் சொல்லி, மேளக் கோலால் தலைவரைக் காட்டினார் அமிர்தநாதர்.

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணை, உது உங்களுக்கு வைச்சதில்லை. நடவுங்கோ."

"குடம் வைச்சாச்சு, தலைவர். அதைத் தாண்டிப் போனா ஆருக்கு நல்லது? மாலையைப் போடுங்கோ, போறன்."

மேலே பல்கனியிலிருந்து கிளடிஸ் கத்தினாள்: "கெதியாப் போடுங்கோ அண்ணை! ஐஸ்கிறீம் வானும் பின்னால நிக்குது!"

போட்டார்! மாலையைப் போட்டார்! நெல்சன் இறகோடு குனிந்தார், அவருக்குச் சந்தனம். தாதிக்குச் சந்தனம். யமேக்காக்காரருக்குச் சந்தனம் வைக்கும்போது தலைவரின் வலக்கால் தாளம் போட்டது. என்ன ஐயா, இல்லையென்று தலையாட்டுகிறீர்கள்? செருப்புக் கழன்றதை நான் கண்டேன். கிளடிஸும் கண்டாள். கேட்டுப் பாருங்கள்!

சபையோரே, சிரித்தது போதும். நிறைகுடம் வைத்து, மாலை போட்டு, சந்தனம் வைத்து, வந்தவனை வெளியில் விட்டுக் கதவைப் பூட்டுவது எந்த ஊர் வழக்கம்? இந்த நாடு நம்மை நிறைகுடம் வைத்தா அழைத்தது? குளிர் வைத்தது. கேள்வி வைத்தது. வரிசையில் வைத்தது. ஆனாலும் கதவைத் திறந்தது! குடம் வைத்த நாம் பூட்டலாமா? சத்தம், சத்தம் என்கிறீர்கள். சத்தமே இல்லாத அமிர்தநாதரை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அந்த மனிதர் மறுபடியும் அந்த அறைக்கும் போர்வைக்கும் போகவேண்டுமா? போகக்கூடாது என்பவர்கள் கையை உயர்த்துங்கள்!

சுவரோரம் உயர்கிறது. தாய்மார் பிள்ளைகளின் கையையும் பிடித்து உயர்த்துகிறார்கள். அதெல்லாம் கணக்கில் வராது, பிள்ளை! வராவிட்டாலும் போதும். தலைவரே, உங்கள் கை எங்கே? என்ன சொல்கிறீர்கள்? ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

"சரி, வரட்டும். ஆனா மெதுவா அடிக்கச் சொல்லுங்கோ."

கேட்டீர்களா, அமிர்தநாதர்? மெதுவாக அடிப்பீர்களா?

"ஏலாது!"

இவ்வளவு பெரிய சபையில் அந்த மனிதர் சொன்ன முதல் சொல் இதுதான், அன்பர்களே! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், இன்று என்னை நிறுத்தாத தலைவருக்கும் நன்றி. மேளக்காரரே, எழும்புங்கள். நான் இறங்குகிறேன், நீங்கள் ஏறுங்கள். வணக்கம்!