காலியாக வேண்டிய இடம்

கூடைப்பந்து அணியில் வேலை பார்த்தாலும் ஆட்டங்களை நான் அரங்கில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அந்தச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் ஊரான ஒமாஹாவில் இதைச் சொல்லிக் கேலி செய்யாதவர்கள் இல்லை.

இன்றைய ஆட்டம் என் கவலையும் அல்ல. ஐந்து வருடம் கழித்து யார் யார் ஆட வேண்டும் என்று இப்போதே யோசிப்பதுதான் என் வேலை. வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. புதிதாக ஒருவன் உள்ளே வரவேண்டுமானால் இன்னொருவன் வெளியே போக வேண்டும். அந்த விதியை நான் போடவில்லை.

எங்கள் வீரன் டெவோரிஸ் ஏழடி உயரம், வெள்ளை மனசு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அவனுக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்னும் நான்கு வருடம் பாக்கி. எல்லா அணிகளிடமும் கேட்டுப் பார்த்தேன். அந்தச் சம்பளத்துக்கு யாரும் அவனை எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. என் கை கட்டுண்டு கிடந்தது.

ஜனவரியில் இடது பாதம் வலிக்கிறது என்றான். அணியின் டாக்டர் லிண்ட்குவிஸ்ட் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"மயிரிழை மாதிரி விரிசல், கர்ட். ஓய்வு குடுத்தா தானா கூடிடும். ஆடினா உடைஞ்சிடும். அப்புறம் அவனால ஓடவே முடியாது."

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றேன்.

டாக்டர் நகரவில்லை. அவருடைய ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிவதாக இருந்தது. அதை நினைவூட்டினேன், அவ்வளவுதான். படத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

இன்னொரு விதியும் உண்டு. காயத்தால் ஒருவன் இனி ஆடவே முடியாது என்றாகிவிட்டால், அவன் சம்பளத்தை வரம்பிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அவனுக்குப் பணம் முழுசாகப் போய்ச் சேரும். குணமாகித் திரும்பி வந்தால்தான் சிக்கல்.

பயிற்சிக்கூட வாசலில் டெவோரிஸ் என்னைப் பிடித்தான்.

"பாஸ், எக்ஸ்ரேல என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்லடா. வீக்கம். இறுக்கிக் கட்டிட்டு ஆடு."

"ஆடாதேன்னு அம்மா ஒரே ரகளை பண்றாங்க."

"அம்மாங்க அப்படித்தான். டீமே உன்னை நம்பித்தான் இருக்கு."

சிரித்தான். "நீங்க சொன்னா சரி, பாஸ். உங்கள விட என் கால் மேல யாருக்கு அக்கறை?"

பிப்ரவரியில் ஒரு ஆட்டத்தில் பந்துக்காகக் குதித்து இறங்கினான். எழவில்லை. என் அறையில் தொலைக்காட்சியின் ஒலியை அணைத்து வைத்திருந்தேன்; அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டான் என்று பிறகு சொன்னார்கள்.

இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. பாதம் கூடவில்லை. மருத்துவமனை நடையில் அவன் அம்மா ஒடெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எல்லாரும் போயிட்டாங்க, சார். நீங்க ஒருத்தர்தான் எம்புள்ளயக் கைவிடல." தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆமாம், படத்தை மறைத்தது நான்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் குதித்தபோதெல்லாம், இப்போது உடையும் என்று காத்திருந்ததும் நான்தான். லீக் அமைத்திருக்கும் விசாரணைக் குழு அதையும் பதிவு செய்துகொள்ளலாம்.

ஆனால் அந்த இடத்துக்கு நாங்கள் எடுத்தவன் அருமையாக ஆடுகிறான். டெவோரிஸ் பார்த்தால் சந்தோஷப்படுவான். முதல் வரிசையில் இருக்கை போட்டு மூன்று முறை அழைத்தேன், பதில் இல்லை. அரங்க வாசலில் படியேறக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.